நாலு சோதனையிலும் தேறிய எண்

படூர்
17 ஜனவரி 2025

சஹானா,

போனில் பிளாக் செய்தாய். வாட்ஸ்ஆப்பிலும் செய்தாய். மெயிலை மறந்துவிட்டாய், அதனால் இதில் எழுதுகிறேன்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். ஒன்று கெட்டுப்போனால் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுவதுதான் என் வேலை. நேற்று மாமல்லபுரத்தில் நடந்ததையும் அப்படியே எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து.

காணும் பொங்கல். 'எங்க ஆபீஸ் ஆளுங்க எல்லாம் பீச்சுக்குப் போறோம், நீயும் வா, உன்னை அவங்களுக்குக் காட்டணும்' என்றாய். வந்தேன். கால் வைக்க இடமில்லாத கூட்டம். கோயிலைத் தாண்டி மணலில் பெட்ஷீட் விரித்து உட்கார்ந்தோம். ஷபானா கொண்டுவந்த பிரியாணியைச் சாப்பிட்டோம். அதுவரை ஒரு குறையும் இல்லை, ரோஹித் உன் பக்கத்தில் உட்கார்ந்ததைத் தவிர.

அப்புறம் நீ, 'ஹரி, ஒரு எண் விடட்டுமா?' என்றாய்.

அது நம் விளையாட்டு. செங்கல்பட்டிலிருந்து படூருக்குக் காலேஜ் பஸ்ஸில் போகும்போது நாம் இரண்டு பேர் ஆடினது. ஒருவர் பெரிய எண்ணாக ஒன்று சொல்ல வேண்டும். அது வேறு எண்ணால் மீதியில்லாமல் வகுபடுமா, இல்லை எதனாலும் உடைக்க முடியாத பகா எண்ணா என்று மற்றவர் சொல்ல வேண்டும். தோற்றவர் டீ வாங்க வேண்டும். மூன்றாவது ஆள் அதில் கிடையாது. இத்தனை வருஷமாகக் கிடையாது. நேற்று நீ அதை எடுத்து உன் ஆபீஸ் கூட்டத்தின் நடுவில் போட்டாய்.

'3215031751' என்றாய். என் போனில் நானே எழுதின நிரல் இருக்கிறது, உனக்குத் தெரியும். எண்ணை வகுத்துப் பார்த்து நேரத்தை வீணாக்காது. 2, 3, 5, 7 என்ற நாலு எண்களை வைத்து நாலு சோதனை போடும். பகா எண்ணாக இருந்தால் நாலிலும் தேறும். தேறியது. 'பகா எண்தான். போய் டீ வாங்கினு வா' என்றேன்.

'நல்லா பாருடா' என்றாய். சிரித்துக்கொண்டே.

'இன்னா பாக்கறது? அதான் மெஷின் சொல்லிடிச்சே.'

அப்போது ரோஹித் உன் பைக்குள் கை விட்டான். உன்னைக் கேட்காமல் உன் பேனாவை எடுத்தான். தாளும் எடுத்தான். எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, அவன் தலையைக் குனிந்து வகுத்துக்கொண்டே இருந்தான். நீ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரத்தில் 'ஹரி ப்ரோ, சாரி. 151-ல போகுது. மீதியே இல்ல' என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய். கடைசியாக நிறுத்தினது நீதான்.

நான் கேட்டது ஒரே கேள்வி. 'முன்னாடியே இவனாண்ட சொல்லி வெச்சிட்டியா?' நான் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீ அவன் வண்டியில்தான் வீட்டுக்குப் போயிருப்பாய்.

பிப்ரவரி ஒன்பது நமக்கு நிச்சயதார்த்தம். அதற்கு முன்னால் எனக்குப் பதில் வேண்டும்.

ஹரி

*

செங்கல்பட்டு
19 ஜனவரி 2025

ஹரி,

மெயிலை மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டு வைத்தேன். போனில் நீ கத்துகிறாய். எழுதினால் சத்தம் கேட்காது. ஒன்பதாம் தேதி வரை இப்படியே எழுது, இரண்டு பேருக்கும் நல்லது.

தப்பிருந்தால் திருத்தச் சொன்னாய். திருத்துகிறேன். ரோஹித் வண்டியில் நான் வரவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஷபானாவும் நானும் நின்றுகொண்டே வந்தோம். கூட்டத்தில் என் செருப்பு ஒன்று போய்விட்டது. நீ கேட்பாய் என்று நினைத்தேன், எப்படி வீடு போய்ச் சேர்ந்தாய் என்று. கேட்கவில்லை. நீயே முடிவு செய்துகொண்டாய்.

உன் கேள்விக்குப் பதில்: ரோஹித்திடம் நான் எதையும் சொல்லி வைக்கவில்லை. இதுதான் முழுப் பதில். இதற்குக் கீழே இன்னொரு பதில் ஒளிந்திருக்கவில்லை.

அவ்வளவு பெரிய எண்ணைக் கையால் எப்படி வகுத்தான் என்பதுதானே உன் சந்தேகம்? அந்த எண்ணைப் பின்னாலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டு. 3, 215, 031, 751. கடைசியிலிருந்து ஒன்று விட்டு ஒன்று கழித்துக் கூட்டு. 751-ல் 31 போனால் 720. 215 சேர்த்தால் 935. 3 போனால் 932. இந்தச் சின்ன எண்ணை 7, 11, 13 மூன்றும் வகுக்காது என்றால் பெரிய எண்ணையும் வகுக்காது. மூன்று பேர் ஒரே அடியில் வெளியே. அப்படியே ஒவ்வொரு பகா எண்ணாகத் தாண்டிப் போனால் முப்பத்தாறாவதாக 151 வரும். கொஞ்சம் பொறுமை போதும்.

இந்த வித்தையை முதல் வருஷத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? மழை நாள். பஸ் ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டு, விரலால் எழுதிக் காட்டினாய். ரோஹித்துக்கு வேறு யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும் என்று இல்லை.

பேனாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இப்போது சொன்னால் நீ நம்பமாட்டாய்.

'இவனாண்ட சொல்லி வெச்சிட்டியா' என்று என்கூட வேலை பார்க்கிறவர்கள் முன்னால் கேட்டாயே, கேள்வியை எழுதியிருக்கிறாய், அவர்கள் முன்னால் கேட்டதைப் பற்றி உன் வரிசையில் ஒரு வார்த்தை இல்லை. அதுவும் நடந்ததுதான்.

சஹானா

*

படூர்
22 ஜனவரி 2025

சஹானா,

செருப்புக்கு சாரி. கேட்டிருக்க வேண்டும்.

மற்றதற்கு வருகிறேன். நானும் தாளில் வகுத்துப் பார்த்தேன், நீ சொன்ன வித்தையோடு. 151 வந்து சேர அவனுக்கு ஆனதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆனது. நான் கணக்கில் அவனை விட மட்டமா? நீ அப்படித்தான் நினைக்கிறாயா? ஆமாம் என்றால் நேராகச் சொல்.

அதோடு நிற்கவில்லை. என் நிரல் ஏன் ஏமாந்தது என்று இணையத்தில் தேடினேன். உனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் வந்தது. 2500 கோடிக்குக் கீழே, அந்த நாலு சோதனையிலும் தேறிவிட்டு, ஆனால் பகா எண்ணாக இல்லாத எண் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதாம். 3215031751. அது மட்டும்தான்.

அதாவது நீ வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லவில்லை. கோடிக்கணக்கான எண்களில் என்னைக் கவிழ்க்கக்கூடிய ஒரே எண்ணைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாய். நான் தோற்க வேண்டும் என்று முடிவோடு வந்தாய். நான் தோற்றால் யார் ஜெயிப்பது? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்.

அவன் 'ப்ரோ' என்று கூப்பிடும்போதெல்லாம் பல் அத்தனையும் தெரிகிறது. எனக்கு அவன் ப்ரோ இல்லை. அவன் உனக்கு எலுமிச்சை சோடா வாங்கி வந்தான், உப்புப் போட்டது. உனக்கு உப்புப் போட்டதுதான் பிடிக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே இரண்டு வருஷம் ஆனது அதைக் கண்டுபிடிக்க. தினமும் காலையில் செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் வரை ஒரே ஆபீஸ் பஸ். சாயங்காலம் அதே பஸ். கணக்குப் போட்டால் வாரத்தில் நான் உன்னைப் பார்க்கிற நேரத்தை விட அவன் பார்க்கிற நேரம் அதிகம். இது கற்பனை இல்லை, கூட்டல்.

அந்த எண்ணை உனக்கு யார் கொடுத்தது?

ஹரி

*

படூர்
28 ஜனவரி 2025

சஹானா,

பதிலே இல்லை. சரி, நானே எழுதுகிறேன்.

நீ பேசாமல் இருந்தால் நான் சும்மா இருப்பேன் என்று நினைத்தாயா? சோதனை போட்டுவிட்டேன். மறைக்கப் போவதில்லை.

முதலில் ஷபானாவுக்குப் போன் செய்து, பஸ்ஸில் யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று கேட்டேன். 'ஹரி, ஒனக்கு இன்னா மூள கொழம்பிப் போச்சா? அவ ஏறனதும் தூங்கிடுவா. ரோஹித்து வாய மூடாம பேசிகினு வருவான், என்னாண்ட. நான்தான் பேஜாராயி ஒக்காந்துகினு கீறேன். முடிஞ்சா அவன நீ கூப்ட்டுகினு போ' என்றாள்.

அடுத்தது உன் அம்மா. புடவைக் கலர் கேட்கிற மாதிரி பேச்சுக் கொடுத்து, காலையில் உன்னை யார் பஸ் ஸ்டாப்பில் விடுகிறார்கள் என்று கேட்டேன். 'அவ அப்பாதான் மாப்ளே, வேற யாரு?' என்றார்கள்.

மூன்றாவது, நேற்று லீவு போட்டுக் காலையிலேயே செங்கல்பட்டு வந்து நின்றேன். நீ ஜன்னல் ஓரம். பக்கத்தில் ஷபானா. கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாய். அவன் பின் சீட்டிலிருந்து ஷபானாவோடு பேசிக்கொண்டிருந்தான்.

நாலாவதாக அவனுக்கே போன் செய்தேன். 'ப்ரோ, உங்கள யாராலயும் தோக்கடிக்க முடியாதுன்னு சஹானா ஆபீஸ் முழுக்க சொல்லிட்டிருப்பா. அதான் ஒரு கை பாக்கலாம்னு வகுத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க' என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

நாலிலும் நீ தேறிவிட்டாய். நியாயமாக நான் நிம்மதியாகத் தூங்க வேண்டும். தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த எண்ணும் நாலிலும் தேறியது. யாரைக் கேட்டாலும் முழுசு என்றுதான் சொல்லியிருப்பார்கள். உள்ளே 151 உட்கார்ந்திருந்தது.

என் நிரலைத் திருத்திவிட்டேன். 11-ஐ வைத்து ஐந்தாவதாக ஒரு சோதனை சேர்த்தால் அந்த எண் மாட்டிக்கொள்கிறது. உனக்கு ஐந்தாவது சோதனை என்ன என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹரி

*

செங்கல்பட்டு
30 ஜனவரி 2025

ஹரி,

நான் தூங்கவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றாமல் டீக்கடைப் பக்கம் நின்றாயே, உன்னை முதலில் பார்த்தது அப்பா. 'மாப்பிள்ளை ஏம்மா அங்க ஒளிஞ்சு நிக்கறார்?' என்றார். 'யாரோ அவர் மாதிரி இருக்காங்கப்பா' என்றேன். பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன், உன்னைப் பார்க்காத மாதிரி இருக்க. அதைத்தான் நீ பாஸ் என்று எழுதிக்கொண்டாய். உன் சோதனையின் லட்சணம் அவ்வளவுதான்.

அந்த எண்ணை யார் கொடுத்தது என்று கேட்டாய். உன் நிரல் கொடுத்தது.

அதை எழுதின நாளிலிருந்து நீ நம் விளையாட்டில் தோற்கவே இல்லை, கவனித்தாயா? நான் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் பதில். முன்பெல்லாம் பஸ் கேளம்பாக்கம் தாண்டும் வரை நீ முனகிக்கொண்டே வகுப்பாய். 17-ல் ஒரு முறை தப்புச் செய்துவிட்டு, 'இரு இரு, மறுபடியும்' என்பாய். எனக்கு அதுதான் பிடித்தது. அந்த எண் உடையுமா உடையாதா என்பது பெரிய விஷயமே இல்லை. நிரல் வந்த பிறகு நீ என்னை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 'பகா எண், அடுத்தது' என்பாய். நான்தான் டீ வாங்கிக்கொண்டே இருந்தேன்.

உன் நிரலை ஒரு முறை எனக்கு அனுப்பியிருந்தாய். அதை என் லேப்டாப்பில் போட்டு, சின்ன எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டினேன். அது 'பகா எண்' என்று சொன்னதெல்லாம் உண்மையிலேயே பகா எண்தானா என்று, இன்னொரு பக்கம் வகுபடுகிற எண்களையெல்லாம் சல்லடை போட்டுக் கழித்து ஒப்பிட்டேன். மார்கழி முழுக்க லேப்டாப் ஓடியது. ஃபேன் சத்தத்தில் அம்மா திட்டினாள். கோடி கோடியாக எண்கள் போயின, ஒரு தப்பும் இல்லை. விட்டுவிடலாம் என்று நினைத்தபோது ஒன்று நின்றது. நான்தான் உலகத்தில் முதலில் பார்த்தேன் என்று குதித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நாம் பிறப்பதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே கண்டுபிடித்து எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால் என்ன, உனக்குத் தெரியாதே.

பீச்சில் எல்லோர் முன்னாலும் விட்டது என் தப்பு. பொறுக்க முடியவில்லை. பையில் மேலாக ஒரு பேனாவும் வெள்ளைத் தாளும் எடுத்து வைத்திருந்தேன். உனக்காக. 'நல்லா பாருடா' என்று நான் சொன்னதும் நீ சந்தேகப்பட்டு, போனை வைத்துவிட்டு, 'ஒரு பேப்பர் குடு' என்று கேட்பாய் என்று நினைத்தேன். நீ கேட்கவில்லை. ரோஹித் எடுத்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறாய். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. பகா எண்ணாக இல்லாதது நாலு சோதனையில் தப்பிக்கலாம், ஐந்தாவதில் மாட்டலாம், சரி. ஆனால் நிஜமான பகா எண் எத்தனை சோதனை போட்டாலும் தேறிக்கொண்டேதான் இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆறாவது, ஏழாவது என்று நீ போட்டுக்கொண்டே போகலாம். போடுகிற உனக்கு அது வேலை. தேறிக்கொண்டே இருக்க வேண்டிய எனக்கு?

உப்புப் போட்ட சோடா. அன்று எல்லோருக்கும் உப்புப் போட்டதைத்தான் வாங்கி வந்தான். உனக்கும். நீ குடித்தாய்.

சஹானா

*

படூர்
3 பிப்ரவரி 2025

சஹானா,

உன் மெயிலைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. தப்பு என்னுடையது. பீச்சில் கேட்ட கேள்வி, பஸ் ஸ்டாப்பில் ஒளிந்து நின்றது, உன் அம்மாவிடம் புடவை என்று பொய் சொன்னது, எல்லாம் என்னுடையது. உன் அப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன்.

அந்த நிரலைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தாளும் பேனாவும்தான். கேசவன், என்னோடு ரூமில் இருப்பவன், 'இன்னா மச்சான், எதுனா பரிச்சை எழுதப் போறியா?' என்று கேட்டான். 151-ல் வகுத்தால் 21291601 வருகிறது. அங்கேயிருந்து ஆரம்பித்தேன். 157, 163, 167 என்று ஏறிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு இடத்தில் கழித்தலில் தப்புப் போட்டு, அது தெரியாமல் ஒரு பக்கம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தேன். 'இரு இரு, மறுபடியும்' என்று நான் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். கேசவன் சிரித்தான். நீ எழுதினது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஞாயிறு சாயங்காலம் 751-ல் உடைந்தது. மிச்சம் 28351. அதையும் விடவில்லை, 167 வரை போட்டுப் பார்த்தேன், உடையவில்லை. அது நிஜமான பகா எண். ஆகவே 151, 751, 28351. மூன்றையும் பெருக்கிப் பார், உன் எண் வரும். ரோஹித் 151-ஓடு நின்றுவிட்டான். முழுசாக உடைத்தது நான்தான். அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

அம்மா போன் செய்தாள். 'இன்னாடா, பொண்ணு வூட்லர்ந்து ஒரு சேதியும் காணோம்? சண்ட கிண்ட போட்டுகினியா? நான் இங்க படாளம் பூரா சொல்லி வெச்சிகினு கீறேன்' என்றாள். ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்றேன். சரியாகிவிட்டது இல்லையா?

ஒன்றே ஒன்றுதான். நிச்சயதார்த்தத்துக்கு ரோஹித்தைக் கூப்பிடாதே. தட்டு மாற்றும்போது அவன் எதிரில் உட்கார்ந்து கை தட்டினால் என்னால் தாங்க முடியாது. அவன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கூப்பிட வேண்டாம், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஆபீஸ் பஸ்ஸை விட்டுவிடலாம். நான் காலையில் உன்னைப் பைக்கில் கொண்டுவந்து விடுகிறேன், தூரம் எனக்குப் பெரிசில்லை. சம்மதம் என்று ஒரு வரி அனுப்பு. அந்த ஒரு வரி போதும், அப்புறம் இதைப் பற்றிப் பேசவே மாட்டேன்.

ஹரி

*

செங்கல்பட்டு
4 பிப்ரவரி 2025

ஹரி,

நிச்சயதார்த்தத்துக்கு ரோஹித் வரமாட்டான். நானும் வரமாட்டேன்.

உன் மெயிலின் முதல் பாதியை பஸ்ஸில் படித்து, ஷபானா தோளில் சாய்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். நீ ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தாளோடு உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்த்தேன். திருக்கழுக்குன்றம் வரும்போது இரண்டாம் பாதிக்கு வந்தேன்.

'சம்மதம்' என்று எழுதிப் பார்த்தேன். எழுதவும் செய்தேன். அனுப்புகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, அடுத்தது யார் என்று யோசித்தேன். ஷபானாவின் அண்ணனா, என் மேலதிகாரியா, சீட் பிடித்து வைக்கிற டிரைவரா? ஒவ்வொருவருக்கும் ஒரு வரி அனுப்ப வேண்டியிருக்கும். ஒவ்வொரு வரியும் ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும். நீ கேட்கிறபோது நியாயமாகவும் தெரியும். ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் நான் எங்கேயும் போகாதவளாக இருப்பேன், நீ அப்போதும் தூங்காதவனாக இருப்பாய்.

உன்னை எனக்குப் பிடிக்காமல் போகவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பாய்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். 'யோசிச்சுத்தானேம்மா சொல்ற?' என்று மட்டும் கேட்டார். அம்மா இன்னும் பேசவில்லை. படாளத்தில் நீதான் சொல்ல வேண்டும். அத்தையிடம் போனில் சொல்லாதே, நேரில் போ. ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம்.

ஏன் என்று கேட்பார்கள். பொண்ணுக்கு வேற ஒருத்தன் இருக்கிறான் என்று சொல்வது உனக்குச் சுலபம். நீ பாதி சொல்லும்போதே எல்லோரும் நம்பிவிடுவார்கள், ஒருத்தர்கூட உன்னைச் சோதித்துப் பார்க்கமாட்டார்கள்.

அதைச் சொல்லாதே, ஹரி.

சஹானா